நெருக்கீடும் நெடுமூச்சும்

உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலில் வந்து வெளிப்படுவதையே நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். மெய்யிற் படுவது மெய்ப்பாடு. தொல்காப்பியர் அதனை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்தார். அவ்வளவில் நில்லாது, ஒவ்வோர் உணர்ச்சியும் எவ்வெவற்றிலிருந்து பிறக்கும் என்பதையும் எண்ணிக் காட்டினார். அச்சத்தின் பிறப்பிடம் நான்கு என்பது அவர் கணக்கு. அவை அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவன் என்பன. இங்கே இறைவன் என்றது அரசனை.

இந்நான்கையும் சற்று உற்று நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். அணங்கின் அச்சம் இருளோடு வந்து விடியலோடு நீங்கும். விலங்கும் கள்வரும் எதிர்ப்பட்டால் ஓடித் தப்பலாம். இயலுமாயின் எதிர்த்து நிற்கலாம். எவ்வாறாயினும் சிறிது நேரத்தில் அச்சம் முடிந்துவிடும். நான்காவது அச்சமோ அவ்வாறு முடிவதில்லை. தம்மை ஆள்பவனை விட்டு ஓடவும் முடியாது, அவனை எதிர்த்து நிற்கவும் முடியாது. இன்று அவன் முகம் எப்படி இருக்கும், நாளை என்ன ஆணை வரும் என்று குடிகள் அஞ்சிய வண்ணமே நாள் கழிப்பர். அரசர் ஆண்ட காலம் போயிற்று. எனினும் மேலதிகாரி, கடன்காரன், வீட்டு வாடகை, பரீட்சை முடிவு, பிரிந்திருக்கும் பிள்ளையின் செய்தி என நான்காவது அச்சம் பல வடிவங்களில் வாழ்கின்றது. இக்கால மருத்துவர் இதனை நாட்பட்ட நெருக்கீடு என்பர். மனித உடல் முதல் மூன்று அச்சங்களைத் தாங்குவதற்கென அமைந்தது. நான்காவதை அது எவ்வாறு தாங்குகின்றது? இதனை விஞ்ஞானம் விடுவிக்கப் புகுந்த வரலாறு சுவையானது. பயன் தருவதும் ஆகும்.

அவ்வரலாறு பிரான்சு நாட்டில் தொடங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு வாழ்ந்த குளோட் பேர்னார் என்ற உடலியல் அறிஞர் ஓர் அரிய கருத்தை வெளியிட்டார். உயிரினம் வெளியுலகில் வாழ்ந்தாலும், அதன் உடற்கலங்கள் வாழ்வது குருதியும் நிணநீரும் சூழ்ந்த ஓர் அக உலகிலேயாம். வெளியில் வெயிலும் குளிரும் மாறி மாறி வரினும், இவ்வக உலகின் வெம்மையும் உப்பும் சர்க்கரையும் பெரிதும் மாறாமல் நிற்கின்றன. அந்நிலைபேறே சுதந்திரமான வாழ்வுக்கு அடிப்படை என்றார் அவர். அச்சமும் கோபமும் இந்த அக உலகை என்ன செய்கின்றன என்ற வினாவுக்கு விடை காண இன்னும் அரை நூற்றாண்டு செல்ல வேண்டியதாயிற்று.

அவ்விடையைத் தேடிப் புறப்படாமலே கண்டவர் அமெரிக்க நாட்டு ஹாவாட் மருத்துவக் கல்லூரியின் வோல்ற்றர் கனன். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட புதிதில், 1896 ஆம் ஆண்டளவில், மாணவராயிருந்த அவர், உணவு இரைப்பையில் எவ்வாறு அரைபடுகின்றது என்பதை அக்கதிரின் துணைகொண்டு பார்க்க முற்பட்டார். பூனைகளுக்குப் பிஸ்மத் கலந்த உணவை ஊட்டித் திரையில் உற்று நோக்கினார். இரைப்பை அலையலையாக அசைந்து கொண்டிருக்கும். பூனை சினங்கொண்டாலோ கலங்கினாலோ அவ்வசைவு சட்டென நின்றுவிடும். அமைதியடைந்தால் மீண்டும் தொடங்கும். ஆராய்ச்சிக்கு இடையூறு என்று கருதத்தக்க இந்நிகழ்ச்சியையே கனன் தம் ஆராய்ச்சிப் பொருளாக்கிக் கொண்டார். 1911 இல் அவரும் அவருடைய துணைவரும், நாய் குரைப்பைக் கேட்டு அஞ்சிய பூனையின் குருதியில் அட்ரீனலின் என்னும் சுரப்பு மிகுந்திருப்பதைக் காட்டினர். சிறுநீரகங்களின் தலைப்பில் தொப்பி போல அமர்ந்திருக்கும் சிறு சுரப்பிகளே அதன் பிறப்பிடம்.

கனன் 1915 இல் வெளியிட்ட நூல் இவையனைத்தையும் ஒரு கோவைப்படுத்திற்று. ஆபத்து எதிர்ப்பட்டதும் இதயம் விரைகின்றது, மூச்சு மிகுகின்றது, ஈரலிலிருந்து சர்க்கரை குருதிக்குள் இறங்குகின்றது, வயிற்றுக்குச் செல்லும் குருதி தசைகளுக்குத் திருப்பப்படுகின்றது, சமிபாடு நிற்கின்றது. ஏன்? போரிடவோ ஓடவோ உடல் தன்னை ஆயத்தப்படுத்துகின்றது. புலி துரத்தும்போது உண்ட சோறு செரிக்கவில்லையே என்று கவலைப்படுவார் உண்டோ? நாவறட்சி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றுக் கலக்கம் என்று தமிழர் வழக்கில் வழங்கும் சொற்கள் யாவும் இவ்வாயத்தத்தின் அறிகுறிகளே.

அந்நூலில் உள்ள ஒரு சிறு செய்தி தனியே எண்ணத்தக்கது. ஹாவாட் பல்கலைக்கழக உதைபந்தாட்டக் குழுவினர் இருபத்தைந்து பேரின் சிறுநீர், முக்கியமான ஒரு போட்டி முடிந்ததும் சோதிக்கப்பட்டது. பன்னிருவரது சிறுநீரில் சர்க்கரை காணப்பட்டது. அப்பன்னிருவருள் ஐவர் களத்திலே கால் வைக்காதவர்கள். அழைப்பு வருமா என்று காத்துக் கரையில் அமர்ந்திருந்த மாற்று வீரர்கள். ஆடியவர்களின் உடல் வெளியிட்ட சர்க்கரை ஓட்டத்திற் செலவழிய வழி இருந்தது. அமர்ந்திருந்தவர்களின் உடலும் ஓடுவதற்கு ஆயத்தமாயிற்று. ஆனால் அவர்கள் ஓடவில்லை. அலுவலக நாற்காலியில் அமர்ந்தபடியே நாள் முழுதும் உள்ளூர ஓடிக் களைப்பவனுக்கு அக்கரையோரத்து ஐவரும் முன்னோடிகள் எனலாம்.

கனன் ஆராய்ந்தது பெரும்பாலும் வந்து போகும் அச்சத்தை. வந்து போகாது தங்கும் இடரை ஆராய்ந்தவர் ஹான்ஸ் செலியே. 1907 இல் வியன்னாவிற் பிறந்த இவர் பிராக் நகரில் மருத்துவம் பயின்றார். மாணவப் பருவத்திலேயே ஒரு செய்தி அவர் மனத்தைத் தைத்தது. நோயாளர் பலர் பேராசிரியர் முன் கொண்டுவரப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் நோய் வேறு. ஆயினும் சோர்வு, பசியின்மை, உடல் நோவு, மெலிவு ஆகியவை எல்லோருக்கும் பொதுவாக இருந்தன. குறிப்பிட்ட நோய்க்குரிய குறிகளை மட்டுமே பேராசிரியர் விளக்கினார். நோயாளியாய் இருத்தல் என்ற பொது நிலையை எவரும் பொருட்படுத்தவில்லை.

பின்னர் கனடா நாட்டு மொன்றியல் நகரில் மக்கில் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய காலத்தில், புதியதொரு சுரப்பைக் காணும் ஆவலோடு அவர் எலிகளின் உடலில் சூலகச் சாற்றை ஏற்றினார். எலிகளின் அட்ரீனல் சுரப்பி பருத்தது. நோயெதிர்ப்புக்கு உதவும் தைமசுச் சுரப்பி சுருங்கிற்று. இரைப்பையிற் புண் கண்டது. புதிய சுரப்பைக் கண்டுவிட்டோம் என்று அவர் மகிழ்ந்தார். ஐயந்தீர ஃபோமலின் என்னும் நச்சுத் திரவத்தை ஏற்றிப் பார்த்தபோதும் அதே மூன்று மாற்றங்கள் தோன்றின. குளிரில் வைத்தாலும், ஓய்வின்றி ஓடச் செய்தாலும், காயப்படுத்தினாலும் அவையே தோன்றின. மகிழ்ச்சி சிதைந்தது, ஆனால் அச்சிதைவிலிருந்தே பெரியதோர் உண்மை பிறந்தது. துன்பம் எதுவாயினும் உடல் தரும் விடையில் ஒரு பொதுமை உண்டு. 1936 ஆம் ஆண்டு யூலை 4 ஆந் திகதி நேச்சர் என்னும் ஆங்கில விஞ்ஞான இதழில் ஒரு பக்கத்துள் அடங்கிய சிறு கடிதமாக அவர் இதனை வெளியிட்டார். உடல் முதலில் திடுக்கிடும். அடுத்துத் தாக்குப் பிடிக்கும். இடர் நீங்காதாயின் இறுதியில் ஓய்ந்து வீழும் என மூன்று படிகளை அவர் வகுத்தார்.

இந்நிலைக்குப் பின்னர் அவர் சூட்டிய பெயர் பொறியியலாளரிடமிருந்து இரவல் பெற்றது. பாலத்தின் மீது ஏற்றும் பாரம் அதன் இரும்பை நெருக்குவதைக் குறித்த ஆங்கிலச் சொல்லை அவர் மனிதருக்கு ஆக்கினார். 1956 இல் அவர் பொதுமக்களுக்காக எழுதிய நூலின் மூலம் அச்சொல் உலகெங்கும் பரவிற்று. தமிழில் மன அழுத்தம் என்றும் நெருக்கீடு என்றும் நாம் வழங்குவது இதனையே.

எனினும் செலியேயின் வரலாறு குறையற்றதன்று. பிற்காலத்தில் அவர் புகையிலை நிறுவனங்களிடம் பணவுதவி பெற்றதும், புகைத்தல் நெருக்கீட்டைத் தணிக்கும் என்று வாதிட்டதும் ஆவணங்களால் வெளிப்பட்டுள்ளன. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையே காரணம் என்று நெடுங்காலம் மருத்துவர் கூறிவந்ததும் பின்னர் திருத்தம் பெற்றது. அவுஸ்திரேலிய மருத்துவர்களான பரி மாஷலும் ரொபின் வொறனும் 1980 களின் தொடக்கத்தில் அந்நோய்க்குப் பெரிதும் காரணமான கிருமியைக் காட்டினர். 2005 இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். எல்லா நோயையும் மனத்தின் மேற் சுமத்திவிடுதல் எளிது. எளிதானது எப்போதும் உண்மையாவதில்லை.

ஆயினும் அடிப்படை உண்மை அழியவில்லை, மேலும் தெளிவடைந்தது. அட்ரீனலின் நொடியில் எழுந்து நிமிடங்களில் அடங்குவது. அதே சுரப்பியின் புறத்தோலில் ஊறும் கோர்ட்டிசோல் மெல்ல எழுந்து நெடிது நிற்பது. அதுவும் உயிர்காக்கும் சுரப்பேயாம். அஃதின்றி மனிதன் வாழ முடியாது. ஆனால் இவ்வாயத்த நிலை மாதக்கணக்கில் அடங்காது நிற்குமாயின், குருதியமுக்கம் ஏறுகின்றது, சர்க்கரை மிகுகின்றது, உறக்கம் குலைகின்றது, நோயெதிர்ப்பு ஆற்றல் தளர்கின்றது. 1968 இல் அமெரிக்க அறிஞர் புரூஸ் மக்கியூவனும் துணைவரும், இவ்வகைச் சுரப்பு எலியின் மூளையில் நினைவுக்குரிய பகுதியிலே சென்று பற்றுவதைக் கண்டறிந்தனர். கவலையுற்றவன் கையில் வைத்த திறப்பை வீடெங்கும் தேடுவது ஏன் என்பதற்கு இஃது ஒரு விளக்கம். நாட்பட்ட நெருக்கீட்டால் உடல் அடையும் தேய்மானத்தை அளக்கும் முயற்சியில் 1993 இல் அவர் மேலும் ஒரு படி முன்னேறினார். காவலுக்கு வந்த நாய் இரவும் பகலும் குரைத்து வீட்டாரின் உறக்கத்தையே கெடுத்தது போன்றது இந்நிலை.

நான்காவது அச்சம் யாரை மிகுதியாக வருத்துகின்றது? பொறுப்பு மிகுந்த பெரிய அதிகாரிகளையே என்பது நெடுங்காலம் நிலவிய எண்ணம். இலண்டன் மாநகரில் அரசாங்க ஊழியரிடையே 1967 இல் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி இவ்வெண்ணத்தைத் தலைகீழாக்கியது. வைற்ஹோல் ஆராய்ச்சி எனப்படும் இதில் பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள் கணக்கெடுக்கப்பட்டனர். அவர்களைப் பத்தாண்டு தொடர்ந்து நோக்கியபோது, உச்சிப் பதவியினரிலும் பார்க்க, வாயில் காப்போர், கடிதம் சுமப்போர் முதலிய கடைநிலை ஊழியரின் இறப்பு வீதம் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. புகைத்தல் முதலிய பழக்கங்கள் இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியையே விளக்கின. 1985 இல் பெண்களையும் சேர்த்து மைக்கல் மாமட் தொடங்கிய இரண்டாவது ஆராய்ச்சி மற்றொரு காரணத்தைச் சுட்டிற்று. தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை எவருக்குக் குறைவோ அவருக்கு இதயநோய் மிகுதி. வேலை மிகுதியிலும், வேலையின் மீது ஆட்சி இன்மை கொடிது. தம்மை ஆளும் இறைவனை அச்சத்தின் பிறப்பிடமாகத் தொல்காப்பியர் எண்ணியதன் நுட்பம் இங்கே விளங்குகின்றது.

இனி இதற்கு மருந்து யாது? அஞ்சாதே என்று இதயத்துக்கு ஆணையிட்டால் அது கேட்பதில்லை. இரைப்பையும் சுரப்பிகளும் அவ்வாறே. அவை தாமாக இயங்கும் நரம்பு மண்டலத்தின் ஆட்சிக்கு உட்பட்டவை. அம்மண்டலத்தில் மனிதன் விரும்பிய போது உட்புகத்தக்க வாயில் ஒன்று உண்டு. அதுவே மூச்சு. மறந்திருந்தாலும் அது நடக்கின்றது. நினைத்தாலும் அதனை நடத்தலாம். மூச்சுவிட நேரமில்லை என்பது வேலைப்பளுவில் உழல்வோரின் அன்றாட வாய்மொழி. அவ்வாய்மொழியில் உடலியல் உண்மையும் உண்டு. கலங்கியவனின் மூச்சு மேலோட்டமானது, விரைவானது. அதனை மெதுவாக்கினால் கலக்கமும் குறையுமா?

குறையும் என்று கீழ்நாட்டார் ஆராய்ச்சிக் கூடங்கள் தோன்றுமுன்னரே கண்டிருந்தனர். திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்துக்கு அளவு வகுத்தார். மூச்சை உள்ளிழுத்தலுக்குப் பதினாறு மாத்திரை; நிறுத்தி வைத்தலுக்கு அறுபத்து நான்கு; வெளிவிடுதலுக்கு முப்பத்திரண்டு. வெளிவிடும் காலம் உள்ளிழுக்கும் காலத்தின் இரு மடங்காதலை நினைவிற் கொள்க. பௌத்தர் போற்றிய ஆனாபானசதி என்னும் பயிற்சியோ மூச்சை அடக்க முயலாது. நெடுமூச்சை நெடுமூச்சென்றும் குறுமூச்சைக் குறுமூச்சென்றும் அறிந்திருத்தலே அதன் முதற்படி. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம், தொடக்கநிலையினர் மூச்சை எண்ணிப் பழகுமாறு கூறுகின்றது. எண்ணிக்கை ஐந்துக்குக் குறையவும் கூடாது, பத்தைக் கடக்கவும் கூடாது என்பது அதன் விதி. குறைந்தால் மனம் இடுக்கத்தில் அகப்பட்டது போல் தவிக்கும். மிகுந்தால் எண்ணிக்கையிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அதனை வகுத்தவர் மனித மனத்தை நன்கு அறிந்தவரே.

மேல்நாட்டார் இவ்வுண்மையை வேறு வழியால் வந்தடைந்தனர். 1845 இல் ஜேர்மனியரான வேபர் சகோதரர், மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகசு என்னும் நரம்பைத் தூண்டினால் இதயத் துடிப்பு தணியும் என்று காட்டினர். 1847 இல் கார்ல் லுட்விக், மூச்சு உள்ளே செல்லும்போது துடிப்பு விரைவதையும் வெளியேறும்போது தணிவதையும் கருவியாற் பதிவு செய்தார். வெளிமூச்சின் போது வேகசு நரம்பு இதயத்தின் கடிவாளத்தை இழுக்கின்றது. ஆகவே வெளிமூச்சை நீட்டினால் கடிவாளத்தின் பிடியும் நீளும். திருமூலர் கூறிய இரு மடங்குக் கணக்கின் பயனை விளங்கிக்கொள்ள இஃது ஒரு வழி.

இவ்விரு வழிகளும் இருபதாம் நூற்றாண்டிலே சந்தித்தன. சுவாமி குவலயானந்தர் 1924 இல் பம்பாய்க்கும் புனேக்கும் இடையிலுள்ள லோனாவ்லாவில் கைவல்யதாமம் என்னும் நிலையத்தை நிறுவி, யோகப் பயிற்சிகளை எக்ஸ் கதிராலும் அளவு கருவிகளாலும் சோதித்தார். 1935 இல் தெரேஸ் புறோஸ் என்னும் பிரெஞ்சு மருத்துவ மாது இதயத் துடிப்பைப் பதியும் கருவியோடு இந்தியாவுக்கு வந்து யோகிகளை ஆராய்ந்தார். கனன் பணிபுரிந்த அதே ஹாவாட் மருத்துவக் கல்லூரியில், ஹேர்பட் பென்சன் என்பார் தியானம் செய்வோரைச் சோதித்து, போருக்கும் ஓட்டத்துக்கும் உடல் ஆயத்தமாவது போலவே ஓய்வுக்கும் அது ஆயத்தமாகும் என்று கண்டு, 1975 இல் அதனை நூலாக எழுதினார். அச்சத்தின் இயல்பைக் கண்ட கல்லூரியே அமைதியின் இயல்பையும் கண்டது.

2001 இல் வெளிவந்த ஓர் ஆய்வு மேலும் வியப்பூட்டுவது. இத்தாலி நாட்டு அறிஞர் லூச்சானோ பேர்னார்டியும் துணைவரும் இருபத்து மூவரைக் கத்தோலிக்கரின் செபமாலை மந்திரத்தை இலத்தீன் மொழியிலும், திபெத்தியரின் மணி மந்திரத்தை அதன் மொழியிலும் உச்சரிக்கச் செய்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகத் தணிந்தது. இதயமும் குருதியமுக்கமும் அதே தாளத்தில் இணைந்தன. சமயம் வேறு, மொழி வேறு. மூச்சின் அளவு ஒன்று. 2017 இல் அமெரிக்க அறிஞர், சுண்டெலியின் மூளைத் தண்டில் மூச்சின் தாளத்தைக் கவனித்து விழிப்பு மையத்துக்கு அறிவிக்கும் ஒரு சிறு நரம்புக் கூட்டத்தைக் கண்டனர். அக்கூட்டத்தை நீக்கியதும் சுண்டெலிகள் அமைதியுற்றன. மூச்சுக்கும் மனக் கிளர்ச்சிக்கும் இடையே உண்மையான பாதை உண்டு என்பது இதனாற் பெறப்பட்டது.

பயிற்சியின் முறை எளியது. நிமிர்ந்து, ஆனால் விறைக்காமல் அமர்தல் வேண்டும். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்தால் மூச்சு வயிறுவரை இறங்குவதை உணரலாம். மூக்கின் வழியே நான்கு எண்ணும் வரை மெல்ல உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிடுதல் நன்று. ஓர் எண்ணிக்கைக்கு ஒரு நொடியாயின் ஒரு மூச்சுக்குப் பத்து நொடி. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. காலையும் மாலையும் ஐந்து நிமிடம் போதும். மூச்சை நெடுநேரம் அடக்குதல் தகுந்த ஆசிரியரின்றிச் செய்யத்தக்கதன்று. தலை சுற்றினால் நிறுத்தி இயல்பாக மூச்சு விடுதல் வேண்டும். இதயநோயும் சுவாசநோயும் உடையோர் வைத்தியரைக் கேட்டே தொடங்குதல் தகும். உண்ணும் மருந்தை இதனை நம்பி நிறுத்துதல் தகாது. வாரக்கணக்கில் உறக்கமின்றி, வாழ்வே வெறுத்துப்போனவருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. அவர் வைத்தியரிடம் செல்லுதல் வெட்கப்படத்தக்க செயலும் அன்று.

மூச்சு எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்ற தெளிவும் வேண்டும். அது கடனை அடைக்காது. கொடிய மேலதிகாரியைத் திருத்தாது. குரைக்கும் நாயை அது சிறிது நேரம் படுக்க வைக்கும். அச்சிறிது நேரத்தில் உடல் தன் தேய்மானத்தைச் செப்பனிட்டுக் கொள்ளும். மனம் செய்யத்தக்கது யாதென எண்ணும். நெருக்கப்படுபவன் மூச்சை ஆளக் கற்கட்டும். அஃது அவன் கையில் உள்ளது. ஆனால் நெருக்குபவர், நன்றாக மூச்சுவிடு என்று அவனுக்கு உபதேசித்துத் தம் கடமை முடிந்ததென எண்ணலாகாது. வைற்ஹோல் ஆராய்ச்சி அவர்களுக்கும் ஒரு பாடம் புகட்டியுள்ளது. பணியாளனுக்குத் தன் பணியில் ஒரு சொல் சொல்லும் உரிமை, மாணவனுக்குத் தவறினும் மீண்டெழலாம் என்ற உறுதி, இல்லத்தரசிக்கு ஒரு நாழிகை ஓய்வு என்பன மருந்துக் கடையில் விற்கப்படாத மருந்துகள். அவற்றை வழங்கும் ஆற்றல், எவருக்கேனும் இறைவராய் அமைந்த ஒவ்வொருவரிடமும் உண்டு. முதல் மூன்று அச்சங்களையும் விளக்கும் வேலியும் காவலும் பெருமளவு போக்கிவிட்டன. நான்காவது அச்சத்தைப் போக்க ஆள்பவரின் அன்பும் நீதியும் வேண்டும்; அவை வரும்வரை துணை நிற்பது நெடுமூச்சு.